இன்குபேட்டர் அருகே நிற்கும் இளம் மருத்துவர்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஐம்பதாண்டு நிறைவு காணும் இச்சங்கத்திற்கு, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள், தாதியர் அனைவர் சார்பிலும் எங்கள் வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறோம். விழா என்றால் கடந்து வந்த பாதையைப் பேசுவது வழக்கம். இன்னும் பெயர்கூட வைக்கப்படாத பிள்ளைகளைப் பற்றிப் பேசவும் நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ், அதற்கு எங்கள் நன்றி.

எங்கள் பிரிவுக்கு வரும் குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இவ்வளவு சின்னப் பிள்ளையைப் படிக்கிற டாக்டர்கள் ஏன் தொடுகிறார்கள்? பெரிய டாக்டர் வரமாட்டாரா?" சிலர் வெளிப்படையாகக் கேட்கிறார்கள். சிலர் கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டு வேதனைப்படுகிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு முழுமையான பதிலைச் சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் சங்கத்தின் வயதும் எங்கள் துறையின் வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்கூட்டியே ஒரு மகன் பிறந்தான். எடை சுமார் 2.1 கிலோ. உலகின் பலம்மிக்க நாட்டின் அதிபர் பிள்ளை. பாஸ்டன் நகரின் தலைசிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றார்கள். ஆனாலும் மூச்சுத் திணறலால் இரண்டே நாளில் இறந்துபோனான். அதே எடையில் இன்று பிறக்கும் குழந்தை பெரும்பாலும் சில வாரங்களில் வீடு திரும்பிவிடுகிறது.

இடையில் நடந்தது என்ன? நம் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சவர்க்காரம் போன்ற ஒரு பொருள் அங்கே சுரக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அது போதிய அளவு இருப்பதில்லை என்பதை 1959இல் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர் கண்டறிந்தார். 1971இல் ஜார்ஜ் கிரெகரியும் அவருடைய குழுவினரும், காற்றறைகள் மூடிக்கொள்ளாதபடி தொடர்ந்து மெல்லிய அழுத்தத்தில் காற்று செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். 1980இல் ஜப்பானின் புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய அந்தப் பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்திப் பலன் கண்டார். அமெரிக்காவில் இத்துறைச் சிறப்பு மருத்துவர்களுக்கான முதல் தேர்வே 1975இல்தான் நடந்தது.

ஆனால் கண்டுபிடிப்பு மட்டும் பிள்ளையைக் காப்பாற்றிவிடாது. நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர், குறைப்பிரசவம் ஆகக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்கிறது என்று 1972இல் நிறுவினார்கள். விலை மலிவான மருந்து. அப்படியிருந்தும் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழு அதைப் பரவலாகப் பயன்படுத்தும்படி பரிந்துரைத்தது 1994இல்தான். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் மருந்து இருந்தது, ஆய்வும் இருந்தது. அதை நம்பி, நேரம் பார்த்துக் கொடுக்கப் பழகியவர்கள் போதிய அளவில் இல்லை. அறிவு ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறினால்தான் அது சிகிச்சையாகிறது. அந்தக் கைமாற்றம் நடக்கும் இடம்தான் போதனா மருத்துவமனை.

இதற்கு நம் சிங்கப்பூரிலேயே நல்ல சான்று உண்டு. தேக்கா பக்கம் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் அங்கே பிறந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 பிரசவங்கள் நடந்தன. கின்னஸ் நூலில் இடம்பெற்ற எண்ணிக்கை அது. அக்காலத்தில் பிறந்த சில நாள்களில் மஞ்சள் காமாலை முற்றி, மூளை பாதிக்கப்பட்டு இறந்த பிள்ளைகள் பலர். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹாக் பூன் அதன் காரணத்தைத் தேடினார். ரத்தத்தின் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பது முக்கியக் காரணம் என்று கண்டார். 1965 முதல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் அது பரிசோதிக்கப்பட்டது. குறை உள்ள பிள்ளைகளை வாரக்கணக்கில் மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணித்தார்கள். காமாலையால் நேர்ந்த அந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அதற்கு விலையுயர்ந்த எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பேராசிரியர் கண்டதை அவரிடம் படித்த மாணவர்கள் ஒவ்வொரு படுக்கையிலும் செய்து பார்த்தார்கள்.

மஞ்சள் காமாலைக்கு இன்று நீலநிற விளக்கொளியில் குழந்தையைப் படுக்க வைக்கிறோம் அல்லவா? அதற்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் பணிபுரிந்த ஜீன் வார்ட் என்ற தாதி. 1950களில், குழந்தைகளை வெயில்படக் கொண்டுபோவது அவர் வழக்கம். துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருக்க, வெளிச்சம் பட்ட தோல் தெளிந்திருப்பதைக் கண்டு மருத்துவர்களிடம் காட்டினார். அவர்கள் அதை அலட்சியம் செய்யாமல் ஆராய்ந்து 1958இல் வெளியிட்டார்கள். கவனித்துப் பார்க்கும் கண்ணும், சொன்னதைக் கேட்கும் காதும் சேர்ந்த இடத்தில்தான் மருத்துவம் வளர்கிறது.

இனி எங்கள் வார்டுக்குள் வாருங்கள். 24 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் எடை சுமார் 600 கிராம். அதன் உடலில் ஓடும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய 50 மில்லிலிட்டர். மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல். சோதனைக்கு 1 மில்லிலிட்டர் எடுப்பதற்கும் யோசிக்க வேண்டும். மூச்சுக்குழாயில் வைக்கும் குழாயின் உள்விட்டம் இரண்டரை மில்லிமீட்டர். பிறந்தவுடன் உடல் சூடு இறங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் சுற்றுகிறோம். மூச்சு விட மறந்துவிடாமல் இருக்கக் காஃபீன் கொடுக்கிறோம். கோப்பிக் கடையில் நாம் குடிக்கும் கோப்பியில் உள்ள அதே பொருள்தான். ஆக்சிஜன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து. கூடினால் கண்ணுக்கு ஆபத்து. 1940களிலும் 50களிலும் தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் பலர் பார்வை இழந்தார்கள். ஆய்வு செய்து பார்த்த பிறகே காரணம் புரிந்தது.

இப்படிப்பட்ட பிள்ளையைக் கவனிக்கும் சிறப்பு மருத்துவர் எப்படி உருவாகிறார்? மருத்துவப் படிப்பு ஐந்து ஆண்டுகள். பிறகு பயிற்சி மருத்துவராக ஓராண்டு. பிறகு குழந்தை மருத்துவத்தில் பல ஆண்டுப் பயிற்சியும் தேர்வுகளும். அதற்கும் மேலாகப் பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் தனிப் பயிற்சி. கல்லூரியில் கால் வைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 12 ஆண்டுகளுக்குக் குறையாது. தீவிர சிகிச்சைத் தாதியருக்கும் தனியே சிறப்புப் பயிற்சி உண்டு.

இந்தப் பயிற்சியில் இன்று புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. முன்பெல்லாம் பல குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் குழாய் செருகினோம். இப்போது மூக்கு வழியாகக் காற்றுக் கொடுத்தே பலரைக் காப்பாற்ற முடிகிறது. பிள்ளைகளுக்கு நன்மைதான். ஆனால் இளம் மருத்துவர் அந்தக் கைவேலையைப் பழகும் வாய்ப்பு குறைந்துவிட்டது. ஆகவே அவர் முதலில் பொம்மையில் பலமுறை பழகுகிறார். பிறகு மூத்தவர் செய்வதை அருகிலிருந்து பார்க்கிறார். அதன் பின்னரே, மூத்தவர் பக்கத்தில் நிற்கத் தானே செய்கிறார். நுனியில் கேமரா உள்ள கருவியைப் பயன்படுத்தினால், அவர் காண்பதை மூத்தவரும் திரையில் காண முடிகிறது. ஒரு முயற்சிக்கு 30 விநாடி வரைதான். இதயத் துடிப்பு இறங்கினால் உடனே நிறுத்தி, மூத்தவர் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். படிக்கிற டாக்டர் ஏன் தொடுகிறார்? அவர் தனியாகத் தொடுவதில்லை. இரவு மூன்று மணிக்குக் குழந்தையின் நிறம் மாறினால் முதலில் ஓடி வருபவர்கள் தாதியும் அவரும்தான். நாளெல்லாம் அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. நீங்கள் கேட்கும் "பெரிய டாக்டர்" ஒரு காலத்தில் இதே இடத்தில் கை நடுங்க நின்றவர். யாரோ ஓர் உம்மாவும் வாப்பாவும் அன்று மறுக்காமல் இருந்ததால்தான் இன்று அவர் உங்கள் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறார். அப்படியே, உங்கள் பேரப்பிள்ளைக்குத் தேவைப்படும் மருத்துவர் இன்று உங்கள் பிள்ளையின் இன்குபேட்டர் அருகே நின்று கற்றுக்கொண்டிருக்கிறார்.

அதற்காக எதையும் கேட்காமல் தலையாட்டுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வருபவரின் பெயர் என்ன, எந்த நிலையில் பயில்கிறார், அவருக்குப் பொறுப்பான மூத்த மருத்துவர் யார் என்று கேளுங்கள். மூத்தவரிடம் பேச வேண்டும் என்றால் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. பெற்றோர் கேட்கும் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும், மோசமான செய்தியை உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, மறைக்காமல் சொல்வதும் அவர்கள் பயில வேண்டிய பாடங்கள்தாம். எல்லாப் பிள்ளைகளையும் காப்பாற்ற முடிவதில்லை. பிழைக்கும் பிள்ளைகள் சிலருக்குக் குறைபாடுகள் தங்கிவிடுகின்றன. அதைப் பேசத் தெரியாதவரின் பயிற்சி முழுமை பெறாது.

நம் சமூகத்தினர் கேட்கத் தயங்கும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். நுரையீரலுக்கான மருந்தில் மாட்டிலிருந்து எடுப்பதும் உண்டு, பன்றியிலிருந்து எடுப்பதும் உண்டு. எது கொடுக்கப்படுகிறது என்று தாராளமாகக் கேட்கலாம். உயிர் காக்கும் நிர்ப்பந்த நிலைக்கான மார்க்கச் சட்டத்தை ஆலிம் பெருமக்கள் விளக்குவார்கள். குறைப்பிரசவ அபாயம் என்று மருத்துவர் சொன்ன அன்றே அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பிறந்த பிறகு அந்த மருந்து காத்திருக்க முடியாது.

காதில் பாங்கு சொல்ல வேண்டும் என்றால் தாதியிடம் சொல்லுங்கள். கை கழுவிவிட்டு, மெல்லிய குரலில் சொல்லலாம். உரத்த சத்தம் இப்பிள்ளைகளுக்கு ஆகாது. பேரீச்சம்பழமோ வேறு இனிப்போ மருத்துவரைக் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். தேன், நிறைமாதக் குழந்தைக்கும்கூட ஒரு வயது வரை வேண்டாம். தாயின் சீம்பால் சில துளிகளே கிடைத்தாலும் கொண்டு வாருங்கள். அது மருந்துக்குச் சமம். தகப்பன்மாரும் சட்டையைக் கழற்றிப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் 1978இல் தொடங்கிய இந்தக் கங்காரு முறை இன்று உலகமெங்கும் கைக்கொள்ளப்படுகிறது.

ஜி6பிடி குறை என்று சொல்லப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் அந்துருண்டை கூடாது. பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரப்படுத்திய துணியைச் சுற்றவும் கூடாது. பிள்ளைக்கு மருதாணி இடாதீர்கள். கண்ணும் தோலும் மஞ்சளாகி, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், "வெயிலில் காட்டினால் போய்விடும்" என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நிறைவாக, இச்சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். 1905இல் சிங்கப்பூரின் முதல் மருத்துவப் பள்ளி தோன்றியதே மக்களின் நன்கொடையால்தான். தான் ஜியாக் கிம் தலைமையில் வணிகர்களும் பிறரும் விண்ணப்பம் கொடுத்து, 87,077 வெள்ளி திரட்டித் தந்தார்கள். முதல் வகுப்பில் சேர்ந்த மாணவர்கள் 23 பேர். அன்று கொடுத்தவர்களில் பலர் அதன் பலனைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். நாம் பார்க்கிறோம். கல்வி உதவிநிதி வழங்கும்போது மருத்துவம் படிக்கும் பிள்ளையோடு தாதிமை படிக்கும் பிள்ளையையும் நினைவில் வையுங்கள். நம் வீட்டுப் பெண் தாதிமை படிக்க விரும்பினால் "இரவு வேலை" என்று தடுத்துவிடாதீர்கள். நள்ளிரவில், தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டிக்கு அவர் பேரன் எப்படி இருக்கிறான் என்று அவருடைய மொழியில் சொல்ல ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம்.

ஒருவர் கற்று, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்து, அதன் பலன் பிறரைச் சென்றடைந்துகொண்டே இருக்கும் கல்வி, ஸதக்கத்துல் ஜாரியா என்ற நிலையான தர்மம் என்பதை ஆலிம்கள் உங்களுக்குப் பலமுறை சொல்லியிருப்பார்கள். இன்குபேட்டர் அருகே இளம் மருத்துவர் ஒருவர் வந்து நின்றால் அவருக்கு ஸலாம் சொல்லி, பெயர் கேட்டு, இடம் கொடுங்கள். உங்கள் பிள்ளைக்காகச் செய்யும் துஆவில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் இச்சங்கத்தின் பணிகளை ஏற்றுக்கொள்வானாக. நம் பிள்ளைகளுக்கு நல்ல ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.