பள்ளமும் மேடும்: ஒரு வேதிவினையின் படம்

கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே ஒரு படம் வரையப் போகிறோம். பிளஸ் டூ வேதியியலில் வருகிற ஆற்றல் வரைபடம்தான் அது. தேர்வு முடிந்ததும் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் நெய்வேலிச் சுரங்கங்களும் கடலூர் சிப்காட் ஆலைகளும் இருக்கிற மாவட்டம் நம்முடையது. இங்கே வாழ்கிற ஒவ்வொருவருக்கும் இந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

முதலில் நெட்டுக்கோடு ஒன்று போடுங்கள். அது ஆற்றலைக் காட்டுகிறது. அடியில் ஒரு படுக்கைக்கோடு. வினை எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதை அது சொல்லும். இந்தப் படுக்கைக்கோட்டை நேரம் என்று மாணவர்கள் நினைத்துவிடுவது உண்டு. அது நேரமல்ல. ஒரு நொடியில் முடிகிற வினைக்கும் ஓராண்டு இழுக்கிற வினைக்கும் கோட்டின் நீளம் ஒன்றாகவே இருக்கலாம்.

இனி நமக்குத் தெரிந்த ஒரு பொருளை இதில் வைத்துப் பார்ப்போம். நம் கடற்கரையோரம் நெடுங்காலமாகக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து வந்தார்கள். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கும் வீட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்கும் சுண்ணாம்புதான். கிளிஞ்சல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டை எடுத்துக்கொண்டு, அதன் ஆற்றல் மட்டத்தைச் சுழியம் என்று குறியுங்கள்.

காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் கரியமில வாயு பிரிந்து போகிறது. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. இதற்கு அது 178 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகவே சுழியத்துக்கு மேலே 178-இல் அடுத்த கோடு. இப்படி மேலே ஏறுகிற வினை வெப்பம் கொள் வினை.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் புஸ்ஸென்று பொங்கி, ஆவி கிளம்பும். அப்போது 65 கிலோஜூல் வெளியே வருகிறது. மட்டம் 113-க்கு இறங்குகிறது. இது வெப்பம் உமிழ் வினை. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வருகிற வெப்பம், சுமார் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. குழந்தைகளைச் சுண்ணாம்பின் பக்கம் விடக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசுகிறோம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. 113 கிலோஜூலும் வெளியேறி, மட்டம் மறுபடி சுழியத்தில் வந்து நிற்கிறது. சுவரில் இருப்பது மீண்டும் கால்சியம் கார்பனேட். காளவாயில் வாங்கிய 178-ஐ இரண்டு தவணையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. எந்த வழியில் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் கணக்கு நேராகிவிடும். பாடப்புத்தகத்தில் ஹெஸ் விதி என்று படிப்பது இதைத்தான்.

இதுவரை மட்டங்களை மட்டும் வரைந்தோம். படத்தின் மறுபாதி இனிமேல்தான்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கார்பனில் 12 கிராம் முழுதாக எரிந்தால் 394 கிலோஜூல் வெப்பம் வரும். படத்தில் பெரிய பள்ளம் அது. சுற்றிலும் காற்று இருக்கிறது. இறங்கப் பள்ளமும் இருக்கிறது. பிறகு ஏன் வெட்டி எடுத்த உடனே தீப்பிடிக்கவில்லை?

வீராணம் ஏரியை நினைத்துப் பாருங்கள். ஏரித் தண்ணீர் கீழே உள்ள வயலைவிட உயரத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் வயலுக்குள் பாயாமல் கரை தடுக்கிறது. வினைபடு பொருளுக்கும் விளைபொருளுக்கும் நடுவிலும் இப்படி ஒரு கரை உண்டு. உங்கள் படத்தில் இரண்டு மட்டங்களுக்கும் இடையே ஒரு மேடு வரையுங்கள். பழைய பிணைப்புகள் தளர்ந்து புதியவை இன்னும் கூடிமுடியாத நிலைதான் அதன் உச்சி. புறப்பட்ட மட்டத்திலிருந்து உச்சி வரை உள்ள உயரமே கிளர்வு ஆற்றல். சுவீடன் நாட்டு அரீனியஸ் 1889-இல் இந்தக் கருத்தை வினைவேகத்தோடு இணைத்துக் காட்டினார்.

பள்ளத்தின் ஆழம் எவ்வளவு வெப்பம் வரும் என்று சொல்கிறது. மேட்டின் உயரம் வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்கிறது. இவை இரண்டும் வேறு வேறு. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்க முடியாது. இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

மேட்டைக் கடக்க இரண்டு வழி உண்டு. ஒன்று வினையூக்கி. காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைக்கிறதே, அது எப்படி? பெராக்சைடு தானாகச் சிதைய சுமார் 76 கிலோஜூல் மேட்டைத் தாண்ட வேண்டும். அயோடைடு சேர்த்தால் அது 57 ஆகிறது. நம் ரத்தத்திலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி இன்னும் வெகுவாகத் தாழ்த்திவிடுகிறது. வினையூக்கி ஏரிக்கரையில் உள்ள மதகு மாதிரி. தாழ்வான வேறொரு வழியைத் திறக்கும். ஏரியின் மட்டத்தையோ வயலின் மட்டத்தையோ மாற்றாது. எந்த வழியில் சிதைந்தாலும் வெளிவரும் வெப்பம் அதே 98 கிலோஜூல்தான்.

இன்னொரு வழி சூடு. சூடேறினால் மேடு தாழும் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். மேடு அப்படியேதான் இருக்கிறது. அதைத் தாண்டும் வலு பெற்ற மூலக்கூறுகள் பெருகுகின்றன. மேடு 50 கிலோஜூல் அளவில் இருந்தால், அறை வெப்பநிலையில் 10 டிகிரி கூடும்போது வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும்.

இந்தக் கணக்கு படிப்போடு நிற்பதில்லை. பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால் காற்றுப் பட்டு உள்ளே மெல்ல ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. வருகிற சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏற வேகம் ஏறும், வேகம் ஏறச் சூடு ஏறும். கடைசியில் யாரும் நெருப்பு வைக்காமலே குவியல் கனியத் தொடங்கிவிடும். அதனால்தான் குவியலைக் காற்றுப் புகாதபடி அழுத்தி வைக்கிறார்கள். முதலில் வந்த கரியை முதலில் எரிக்கிறார்கள்.

இதே சுழல் ஆலைத் தொட்டிக்குள் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் போபாலில் பார்த்தோம். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, 40 டன்னுக்கு மேல் மெத்தில் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. இரண்டும் சேர்ந்தால் வெப்பம் உமிழும். அந்தத் தொட்டியைக் குளிரவைக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பை ஜூன் மாதமே நிறுத்தியிருந்தார்கள். குளிர்ச்சியில் மேட்டைத் தாண்ட முடியாமல் கிடக்க வேண்டிய மூலக்கூறுகள் தாண்டத் தொடங்கின. வந்த சூடு மற்றவற்றையும் தாண்ட வைத்தது. நச்சு வாயு வெளியேறி ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போகிறவர்கள் சிப்காட்டைப் பார்த்துக்கொண்டேதான் போகிறோம். அங்கே வேலை செய்கிறவர்களும் சுற்றுவட்டார மக்களும் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் இந்தப் படத்திலேயே இருக்கின்றன. இந்தத் தொட்டியில் நடக்கும் வினையின் பள்ளம் எவ்வளவு ஆழம்? மேடு எவ்வளவு உயரம்? குளிரூட்டி நின்றால் எவ்வளவு நேரத்தில் கைமீறும்? மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு என்ன? விடை தெரியாமல் ஒரு தொட்டியையும் இயக்கக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தை நடத்தும்போது புத்தகத்திலுள்ள எழுத்துகளோடு நிறுத்தாமல், சுண்ணாம்பையும் நெய்வேலிக் கரியையும் வைத்து வரைய வையுங்கள். இன்று உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் நாளை அந்த ஆலைகளில் வேலைக்குப் போவார்கள். பள்ளத்தையும் மேட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர், தொட்டியின் சூடு ஏறும்போது வெப்பமானியின் முள் எதைச் சொல்கிறது என்று புரிந்துகொண்டு உரிய நேரத்தில் குரல் கொடுப்பார்.