வாசல் வரை வந்த அலை

திருவனந்தபுரத்தில் 1943-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வானொலி நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியது. அந்நாளில் வானொலிப் பெட்டி வாங்கியோர் ஏரியல் கம்பியையும் வாங்கிக் கூரைமேல் உயரக் கட்டினர். அலைக்கு வழி செய்து கொடுப்பது கேட்போரின் கடமை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மடிக்கணினி வைத்திருக்கும் நாம் அதனை மறந்துவிட்டோம்.

கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களில் நம்மவர் வாழும் பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள். தெருப்பக்கம் ஒடுங்கிய முகப்பு. உள்ளே கட்டுக்குப் பின் கட்டாக நீளம். இணையக் கம்பி தெருவிலிருந்து வருவதால் ரவுட்டரும் முன்னறையிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளையோ சந்தடியற்ற பின்கட்டில் அமர்ந்து பாடம் கேட்கிறது. கடல் கடந்து வந்த செய்தி கடைசி 30 அடியில் தளர்ந்துவிடுகிறது.

காரணம் வெளிப்படை. தடித்த சுவர் அலையை உண்கிறது. ஈரம் ஏறிய சுவர் இன்னும் மிகுதியாக உண்கிறது. இரும்பு அலமாரியும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பிவிடுகின்றன.

பரிகாரம் தேடுமுன் ஒரு சோதனை செய்வோம். மடிக்கணினியை ரவுட்டரின் அருகிலேயே வைத்துப் பார்ப்போம். அங்கும் வேகம் இல்லையெனில் குறை அலையில் இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ கணினியிலோ உள்ளது. அங்கே நன்றாக இருந்தால், ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மேல், வாயிற்படிகள் நேர்கோட்டில் அமையும் இடத்துக்கு மாற்றுவோம். இதற்குச் செலவு சிறிதே, பயனோ பெரிது.

பொதுவாக அலைவரிசை இரண்டு உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. ஆனால் சுவரைக் கடக்கத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது. எனினும் தொலைவு செல்லும். பின்கட்டுக்கு இதுவே ஏற்றது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் அடுத்த வீட்டு அலைகளும் வந்து மோதுமாதலால், 1, 6, 11 என்னும் தடங்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம்.

அதுவும் போதாதெனில் ரிப்பீட்டர் வாங்கலாம். அதனை அலை மெலிந்த அறையில் வைப்பதே பலரும் செய்யும் பிழை. மெலிந்ததைப் பெற்று அது எதை வழங்கும்? அலை இன்னும் வலுவாக உள்ள பாதி வழியில் வைக்க வேண்டும். எல்லாவற்றினும் உறுதியானது, ரவுட்டரிலிருந்து பின்கட்டுக்கு ஈதர்நெட் கம்பி இழுப்பதே; 100 மீட்டர் வரை அதற்குத் தளர்ச்சி இல்லை.

இத்தனை முயற்சி எதற்கு என்று கேட்கலாம். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் இன்று இணையத்தின் வழியே வருகிறது. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் நூல்களும் அவ்வழியே கிட்டுகின்றன. ஆசிரியரின் குரல் விட்டுவிட்டு ஒலித்தால், ழகரத்தையும் ளகரத்தையும் பிள்ளை எவ்வாறு பிரித்தறியும்? வாசல் வரை வந்த தமிழைப் பின்கட்டுக்கு அழைத்துச் செல்வது நம் பொறுப்பே.