உம்மாவும் 180 நாட்களும்

 

கல்முனைக்குடியிலிருந்து பிரித்தானியாவுக்கு வைத்தியர்களாகப் போன நாங்கள் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்த காலத்தில், வேலை விசாவில் 5 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். அந்நாட்டு வாழ்க்கை பற்றிய பரீட்சையில் 24 கேள்விகளுக்கு 18 சரியாக வேண்டும். இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிதல்ல. எங்களை வருத்தியது இன்னொரு கணக்கு: எந்த 12 மாதத்திலும் 180 நாட்களுக்கு மேல் வெளிநாட்டில் நிற்கக் கூடாது. உம்மாவின் கட்டிலருகே இருந்தும் நாள்தான் எண்ணினோம். எண்ணி முடியுமுன் ஸலாம் சொல்லிப் புறப்பட்டோம்.

பிறகுதான் விதியை முழுதாக வாசித்தோம். நெருங்கிய உறவினரின் உயிராபத்தான நோய், மௌத்து ஆகியவற்றுக்காக நின்ற நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட அதில் இடமிருந்தது. அத்தாட்சி காட்ட வேண்டும், அவ்வளவுதான். உரிமை கிடைத்த பின்பும், தொடர்ந்து 2 ஆண்டுகளுக்கு மேல் வெளியே நின்றால் அது அற்றுப்போகும்.

ஆகவே, வெளிநாடு செல்லும் தங்கைமாரே, பயணத் திகதிகளைக் குறித்து வையுங்கள். வைத்தியசாலையில் கடிதம் கேட்டு வாங்குங்கள். விதியை வாசியுங்கள், வாசிக்காத விதிக்குப் பயந்து உம்மாவை விட்டு வராதீர்கள்.