பெண் குழந்தைகளும் இரவு முகாமும்

(கணியூரில் பெண் குழந்தைகளின் தங்கல் முகாமைக் குறித்துப் பெற்றோர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வருகிற வெள்ளிக்கிழமை மாலை முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை வரையில், 13 வயது முதல் 17 வயது வரையுள்ள பெண் குழந்தைகளை இந்த மண்டபத்தில் தங்கவைத்து ஒரு முகாம் நடத்துவதென்று உத்தேசித்திருக்கிறோம். பகலெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சிலர் சொல்லுகிறார்கள். கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு பெரியவர், "ஏனுங்க, வயசுக்கு வந்த புள்ளைய ராத்திரி வெளியில தங்க வெக்கலாமுங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். மறைவில் பேசுகிறவர்களைவிட அவர் எவ்வளவோ மேல். ஆதலால் அவருக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

தோழர்களே! "கேம்ப்" என்ற சொல் நம் பக்கத்துக்குப் புதிதா? கோயமுத்தூர், திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூல் மில்லுகளில் "கேம்ப் கூலி" என்று ஒரு முறை ஏற்பட்டதை நீங்கள் அறிவீர்கள். சுமங்கலித் திட்டம் என்றும் அதற்குப் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே தாலி தொங்குகிறது பாருங்கள்! 15, 16 வயதுப் பெண்ணை மில் விடுதியில் சேர்த்துவிடுவது. மூன்று வருஷம் அவள் அங்கேயே கிடந்து இரவு பகல் ஷிப்டு பார்ப்பது. முடிவில் கலியாணச் செலவுக்கென்று 30,000, 50,000 என்று மொத்தமாய் ஒரு தொகை வாங்குவது. உடம்புக்கு முடியாமல் நடுவில் திரும்பிவிட்டதால் அந்தத் தொகையும் கைக்கு வராமல் போன பெண்கள் அநேகர்.

மூன்று வருஷமென்றால் ஆயிரத்துக்கு மேற்பட்ட இரவுகள். அந்த ஆயிரம் இரவுக்கும் "வயசுக்கு வந்த புள்ளையாச்சே" என்று எத்தனை பேர் கேட்டார்கள்? பெண்களை இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரையில் ஆலையில் வேலை வாங்கக்கூடாதென்று 1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தடுத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பெண்களுக்குப் பாதுகாப்பு செய்யவேண்டுமென்ற நிபந்தனைகளோடு, அந்தத் தடை செல்லாதென்று தீர்ப்புச் சொல்லிற்று. அப்பொழுதும் இந்தப் பக்கத்தில் எந்தக் குடும்பத்தின் மானமும் போய்விடவில்லை. கூலி வருகிற இரவுக்கு மானம் போகாது. அறிவு வருகிற இரண்டு இரவுக்குப் போய்விடுமென்றால், நாம் காப்பாற்றுவது பெண்ணையா, அவள்மேல் நமக்குள்ள அதிகாரத்தையா? யோசித்துப் பாருங்கள்.

ஆபத்து இரவில்தான் இருக்கிறதென்கிறார்கள். 2016 மார்ச் 13 இல் நமக்கு அண்டையிலுள்ள குமரலிங்கத்து வாலிபர் சங்கர், சாதி மாறி மணந்தாரென்பதற்காக, உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே, ஜனங்கள் கூடியிருக்க, வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். அது நடுப்பகல்!

இனி, இரவு தங்கித்தான் தீரவேண்டுமா என்றால், ஆம். பகல் முகாமுக்கு வருகிற பெண்ணுக்கு மாலை நாலு மணியானதும் புத்தி வீட்டுக்குப் போய்விடுகிறது. தண்ணீர் பிடிக்கவேண்டும், தம்பிக்குச் சோறு போடவேண்டும். அவளுக்கென்று ஒரு பொழுது பிறந்ததிலிருந்து கிடைத்ததில்லை. மேலும், எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே வரிசையில் உண்பதைப் பகலிலும் நடத்திவிடலாம். ஒரே வரிசையில் பாய் விரித்துப் படுப்பதை எப்படிப் பகலில் நடத்துவது? இங்கே எந்தத் தெருப் பெண் கரண்டி பிடித்தாலும் எல்லோரும் சாப்பிடுவார்கள். வீட்டுவிலக்கானவளுக்குத் தனி மூலை கிடையாது. அவள் பாயும் மற்றப் பாய்களோடுதான்.

தலைமை என்றால் மாலை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவதென்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இந்த மேடையிலேயே நாற்காலிகளெல்லாம் யாரிடம் இருக்கின்றன, பாருங்கள்! முகாமில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெண் தலைமை வகிப்பாள், அடுத்ததற்கு வேறொருத்தி. கறிகாய் விலை பேசி வாங்குவதும், கணக்கெழுதுவதும், மீதிக் காசை எல்லோர் முன்பும் எண்ணி வைப்பதும் அவர்கள் பொறுப்பு. பேரூராட்சிக்குத் தெருவிளக்குக்கும் கழிப்பிடத்துக்கும் மனு எழுதி அவர்களே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வருவார்கள். ஒரு பெண் டாக்டர் உடம்பைப்பற்றி ஒளிவில்லாமல் பேசுவார். தொந்தரவு செய்கிறவன் உறவுக்காரனே ஆனாலும் 2012 ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் என்ன சொல்லுகிறது, 1098 என்ற எண்ணுக்கு எப்படிப் பேசுவது என்பதும் உண்டு.

முக்கியமாக ஒன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தார்கள். அன்று சிரித்தவர்கள் உண்டு. 60 வருஷம் கழித்து 1989 இல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு சட்டமாயிற்று. 2005 இல் இந்தியச் சட்டமும் திருந்திற்று. ஆனால் நடப்பதென்ன? அண்ணன் கூப்பிட்டான் என்று பத்திர ஆபீசுக்குப் போய், படித்துப் பாராமலே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வருகிறாள். "எதில் கையெழுத்து வாங்குகிறீர்கள், படித்துக் காட்டுங்கள்" என்று அண்ணனிடம் கேட்கப் பெண்ணுக்கு வாய் வரவேண்டும். அந்த வாய்க்குத்தான் இந்த இரண்டு இரவும்.

பெண் வெளியில் தங்கினால் கெட்டுவிடுவாளென்பவர்களுக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைச் சொல்லுகிறேன். 1938 இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையோடு, ஐம்பது வயதுக்கு மேல், ஊருக்கு ஊர் தங்கி நடந்தவர். அவர் பெயரால் அரசாங்கம் 1989 இல் ஏழைப் பெண்களுக்குக் கலியாண உதவித் திட்டம் வைத்தது. 2022 இல் அது, அரசுப் பள்ளியில் படித்த பெண் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றப்பட்டது. அரசாங்கமே கலியாணக் காசைப் படிப்புக் காசாக்கிவிட்டபோது, நாம் மட்டும் கலியாணக் கணக்கையே பார்த்துக்கொண்டிருப்பதா?

பாதுகாப்பைப்பற்றிக் கேட்பது பெற்றோர் உரிமை. இரவில் மண்டபத்துக்குள் ஆண்கள் எவரும் இருக்கமாட்டார்கள், நான் உள்பட. பொறுப்பேற்றிருக்கும் தாய்மார்கள் முறைபோட்டு விழித்திருப்பார்கள். படுக்குமுன்னும் விடிந்ததும் பேர் கூப்பிட்டுத் தலை எண்ணப்படும். கழிப்பிடத்துக்குப் போகும் வழியில் விடிய விடிய விளக்கு எரியும். எந்தத் தாயாரும் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம். வேண்டுமானால் தங்கவும் தங்கலாம். அப்படித் தங்குகிற தாயார் சமையல்கட்டுக்குப் போகக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அவர்களும் இரண்டு நாள் உட்கார்ந்து சாப்பிடட்டுமே!

தட்டு, தம்ளர், போர்வை கொண்டுவந்தால் போதும். நகை வேண்டாம். கட்டணம் கிடையாது. வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் பெயரை அந்தப் பெண்ணே தன் கையால் எழுதவேண்டும்.