மனு வராத ஊர் அமைதியான ஊரா?



நகர, ஊரமைப்புத் திட்டத்தில் 'நிலப் பயன்பாட்டு மோதல்' என்று ஒரு பாடம் உண்டு. கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருப்பு வந்தால் நாற்றம், ஈ, புகார், வழக்கு. இதை முன்கூட்டியே கணிக்க ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு ஒரு கையேடே வைத்திருக்கிறது. மோதல் நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்து 1 முதல் 25 வரை மதிப்பெண் போடுவார்கள். எண் கூடக்கூட ஆபத்து அதிகம். என் முனைவர் பட்ட ஆய்வுக்கு நானும் இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டேன்.

களத்துக்குப் போன ஓர் ஊரில் குப்பைக் கிடங்கு சேரியை ஒட்டி இருந்தது. 'வாய்ப்பு' என்ற கட்டத்தை நிரப்பப் புகார் ஏட்டைப் புரட்டினேன். ஒரு மனுகூட இல்லை. என் அட்டவணையில் அந்த இடத்துக்கு மிகக் குறைந்த எண் விழுந்தது. அன்று மாலை சேரியில் உட்கார்ந்து, ஏன் மனு கொடுக்கவில்லை என்று கேட்டேன். மனு கொடுத்தால் நாளைக்கு நாற்று நட யார் கூப்பிடுவார்கள் என்று ஒரு அம்மா திருப்பிக் கேட்டார்.

நான் அளந்தது மோதலை அல்ல, அச்சத்தை. அதற்கு 'அமைதி' என்று பெயர் வைத்திருந்தேன்.

பஞ்சமி நிலத்தின் கதையும் இதுதான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் கைமாறியபோது யாரும் அதை மோதல் என்று எழுதவில்லை. காரணை மக்கள் திருப்பிக் கேட்டபோதுதான் அது 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' ஆனது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இழந்தோம்.

இன்றைய நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு நிறம், தொழிற்சாலைக்கு ஒரு நிறம், விவசாயத்துக்கு ஒரு நிறம். பஞ்சமிக்கு நிறம் கிடையாது. யாரோ ஒருவரின் பட்டா வரப்பில் பிணத்தைச் சுமந்து நடக்கிற மயானப் பாதைக்குக் கோடுகூடக் கிடையாது. வரைவுத் திட்டத்தின் மீது ஆட்சேபனை கேட்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் வரைபடத்திலேயே இல்லாத பாதைக்கு எந்தப் புல எண்ணைப் போட்டு ஆட்சேபிப்பது?

அதனால் மூன்று கோரிக்கைகள். திட்டம் வரையும் முன் பழைய 'அ' பதிவேட்டைப் பார்த்துப் பஞ்சமி நிலங்களைத் தனி நிறத்தில் குறிக்க வேண்டும். மயானப் பாதையையும் சேரிக்குத் தண்ணீர் வரும் வழியையும் அங்குள்ளவர்களோடு நடந்து பார்த்து வரைய வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தைச் சேரியிலேயே, பெயர் பதியாமல் நடத்த வேண்டும்.

ஒரு தரப்பின் கூலி இன்னொரு தரப்பின் கையில் இருக்கிற ஊரில், மனு வரவில்லை என்பதற்காகக் குறைந்த எண் போடக் கூடாது. அந்த ஊருக்கான எண்ணை அடித்துவிட்டேன். சேரி மக்களோடு உட்கார்ந்து மறுபடியும் போடப்போகிறேன்.