பரவனாற்றின் கணக்கு
நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் நின்ற மண்ணின் வரலாறு



2020 செப்டம்பர் 30ஆம் நாள் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் ஓய்வு பெற்றது. சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்து 1962இல் முதல் மின்சாரத்தைத் தந்த நிலையம் அது. 50 மெகாவாட் அலகுகள் ஆறு, 100 மெகாவாட் அலகுகள் மூன்று என 600 மெகாவாட்டுக்கு வளர்ந்து, தமிழ்நாட்டின் வயல்களுக்கும் ஆலைகளுக்கும் ஒளியும் விசையும் கொடுத்தது. இப்படி ஒரு நிலையம் நின்ற மண்ணின் வரலாற்றை எழுத முற்படுகிறவர் பழுப்பு நிலக்கரியிலிருந்துதான் தொடங்குவார். 1956இல் நெய்வேலியின் சுரங்க நிறுவனம் பிறந்ததையும், 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததையும், 1961இல் கரி கண்ணுக்குத் தென்பட்டதையும் வரிசையாக எழுதுவார். அவை எல்லாம் உண்மை. ஆனால் பாதி உண்மை. அந்த மண்ணின் வரலாறு அடிப்படையில் நீரின் வரலாறு. கரியைப் பற்றிய கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது; இனி நடக்கப் போவதைத் தீர்மானிக்கவும் முடியாது. இன்றைய உரையில் நான் நிறுவ விரும்புவது இதைத்தான்.

கரி வெளிப்பட்டதே நீரைத் தேடியபோதுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரிய மண் மேலே வந்தது என்பது கடலூர் மாவட்டம் அறிந்த செய்தி. கரிப்படுகைக்கு மேலே மேல்மண் கிடக்கிறது. படுகையின் அடியிலோ பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் தேங்கி நிற்கிறது. மேல்மண்ணை அகற்றிக் கரியை எடுக்கும்போது அந்த அழுத்தத்தைத் தாங்கும் பாரம் குறைந்துவிடுகிறது. நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே பொங்கிவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்கள் இறக்கி இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் கரியை எடுக்கப் பல டன் நீரை இறைக்க வேண்டியிருக்கிறது. தொடக்ககாலப் பொறியாளர்கள் அஞ்சியதும் இந்த நீரைத்தான். அதை வென்ற பிறகே சுரங்கம் சுரங்கமாயிற்று. இறைத்த நீர் மின்நிலையத்தின் கொதிகலனுக்கும் குளிர்விப்புக்கும் போயிற்று. எஞ்சியது பரவனாற்றில் இறங்கியது. கரி எரிந்து சாம்பலானது. நீரோ இடம் மாறியது. ஓரிடத்தில் குறைந்ததும் இன்னோரிடத்தில் கூடியதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

பரவனாறு பெரிய ஆறல்ல. மழைநீரைச் சேர்த்துக்கொண்டு வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாக வயல்களை நனைத்து, கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றோடு கலந்து கடல் சேரும் சிற்றாறு. ஆனால் அதன் இரு ஏரிகளையும் நம்பி உழுத ஊர்கள் பல. மழைக்காலத்தில் மட்டும் ஓடிய இந்த ஆறு சுரங்க நீரால் ஆண்டு முழுதும் ஓடும் ஆறாக மாறியது. நீரோடு வண்டலும் வந்தது. ஏரிகள் தூர்ந்தன. ‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பும் ‘மந்தன் அத்யயன் கேந்திரா’வும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, நெய்வேலி, பரங்கிப்பேட்டைச் சுற்றுவட்டாரங்களில் நீரும் மண்ணும் மாசுபட்டிருப்பதை எடுத்துக்காட்டியது. ஆற்றின் போக்கும் மாறியது. நெய்வேலியின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றை நிரந்தரமாகத் திருப்பும் வேலையில், 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் பருவத்து நெல்வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தர உயர் நீதிமன்றம் சொன்னது. நிலத்துக்கு விலை உண்டு, பயிருக்கு இழப்பீடு உண்டு. திருப்பப்பட்ட ஆற்றுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு பத்தி இல்லை.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். சுரங்க நீரால் வறண்ட ஓடை வற்றாத ஆறானதே, அது நன்மையல்லவா என்பது முதலாவது. கடைமடை உழவர் அந்த நீரால் பயிர் செய்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வானம் தந்த நீரல்ல. இதே மாவட்டத்தின் நிலத்தடியிலிருந்து இறைத்த நீர். இறைப்பது நின்றால் ஆறும் நிற்கும். ஜெர்மனியின் லவுசிட்ஸ் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் பல பத்தாண்டுகளாக நீரை இறைத்து ஸ்ப்ரே ஆற்றில் விட்டன. தலைநகர் பெர்லினின் குடிநீரே அந்த ஆற்றோடு பிணைந்துவிட்டது. 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்துவதென அந்நாடு முடிவு செய்த பிறகு, வறண்ட கோடை மாதங்களில் ஸ்ப்ரேயின் சில பகுதிகளில் 75 விழுக்காடு வரை நீர் குறையலாம் என அவர்களின் சுற்றுச்சூழல் முகமை 2023இல் எச்சரித்தது. சுரங்கம் மூடப்படும் முன்பே அந்தக் கணக்கை அங்கே மக்கள் முன் வைத்துவிட்டார்கள். முதல் நிலையத்தை மூடிவிட்ட நாம் பரவனாற்றைப் பற்றி அப்படி ஒரு கேள்வியைக்கூடக் கேட்கவில்லை.

மின்சாரம் வேண்டாமா என்பது இரண்டாவது மறுப்பு. வேண்டும். நெய்வேலி இல்லையென்றால் தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சி இந்த வேகத்தில் நடந்திருக்காது. அங்கே உழைத்த தொழிலாளர் நம் நன்றிக்கு உரியவர்கள். ஆனால் கணக்குக் கேட்பது வளர்ச்சியை எதிர்ப்பது ஆகாது. மின்சாரத்தின் பயன் மாநிலம் முழுதும் பரவியது. நீரின் இழப்போ சில ஊர்களின் தலையில் மட்டும் விழுந்தது. செலவைச் சுமந்தவருக்கு வரவு செலவுப் புத்தகத்தைக் காட்ட மறுப்பதை எந்த வளர்ச்சியும் நியாயப்படுத்தாது. சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. பரங்கிப்பேட்டை அருகே 1200 மெகாவாட்டில் எழுந்த அனல்மின் நிலைய வழக்கில், சுற்றிலுமுள்ள ஆலைகளின் பாதிப்பு அனைத்தையும் கூட்டிப் பார்த்து அனுமதியை மறுஆய்வு செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2012இல் ஆணையிட்டது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி வட்டாரங்களைக் காக்கிறது. 2023இல் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே அறிவிக்கப்பட்ட புதிய கரிப்படுகை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் மக்கள் கேட்டதால்தான்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. எவ்வளவு நீர் இறைக்கப்படுகிறது, எவ்வளவு ஆற்றில் விடப்படுகிறது, அதன் தரம் என்ன, நிலத்தடி மட்டம் எங்கே நிற்கிறது, இறைப்பு நின்றபின் ஏரிகளை யார் நிரப்புவார் என்பவற்றை ஆண்டுதோறும் பரவனாற்றுக் கரை ஊர்களின் கிராம சபைகளில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு முதல் நிலையத்தின் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். மாணவர்களில் சிலராவது அதைத் தம் ஆய்வாக ஏற்றுக்கொண்டால் இந்த உரையின் நோக்கம் நிறைவேறும். கரி ஒருநாள் தீர்ந்துவிடும். அதன்பிறகும் இந்த மண்ணில் உழவு நடக்க வேண்டும்; அதற்கு நீர் வேண்டும்.