மகன் சொல் காத்த தந்தை



தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகிய ஐவரின் கடன்களையும் புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் பொன்முடியார் வகுத்துரைத்தார். படைக்கலம் வடித்துத் தருதல் கொல்லன் கடன். அக்கடனை நம் காலத்தில் ஏற்ற ஊர் ஆவடி. இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1971 போரில் விஜயந்தா களம் கண்டது.

பின்னாளில் கர்னலாக ஓய்வுபெற்ற வி.என். தாப்பர், 1976-இல் பிறந்த தம் மகனுக்கு அந்த டாங்கியை நினைந்தே விஜயந்த் எனப் பெயரிட்டார். ஆவடித் தொழிலாளர் அறியாமலே வடபுலத்துக் குழந்தை ஒன்றுக்குப் பெயர் தந்தனர்.

மகனும் படையில் சேர்ந்தான். 1999 சூன் இறுதியில், கார்கில் போரில், திராசுப் பகுதி மலைமுகட்டில் 22 வயதில் வீழ்ந்தான். வீர சக்கர விருது பின்னர் வந்தது. முன்னரே எழுதிவைத்த மடலும் வந்தது. தான் போரிட்ட இடத்தை இயன்றால் வந்து காணவேண்டும். அனாதை இல்லத்துக்குப் பொருளுதவி செய்யவேண்டும். காசுமீரச் சிறுமி ஒருத்திக்கு மாதம் 50 ரூபாய் தரவேண்டும். இவை மகன் வேண்டியவை.

தந்தை அச்சிறுமிக்கு உதவினார். முதுமையிலும் ஆண்டுதோறும் திராசுக்குச் சென்றார்.

பொன்முடியார் பாட்டில், மகனைச் சான்றோன் ஆக்கியதும் தந்தையின் கடன் முடிகிறது. களத்தில் வென்று மீள்வது மகன் கடன். இங்கே மகன் மீளவில்லை. தந்தை களம் நோக்கி நடந்தார். தந்தை சொல் காத்த மகனைத் தமிழ் நிறையப் பாடிவிட்டது. மகன் சொல் காத்த தந்தைக்கும் ஒரு பாட்டு வேண்டும். கவிஞர்களே, ஆறாம் கடனாக அதனைப் பாடுங்கள்.